அப்பா ஒப்பராசி போயிருக்கிறார்

பிரிக்பீல்ட்ஸ்
12 ஜனவரி 2025

அன்புத் தம்பி கார்த்திகேசுவுக்கு,

பொங்கல் வருகிறது. வீட்டில் நீயும் புஷ்பாவும் நலம்தானே?

ஐந்து வயதில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? "அக்கா, அப்பாவ எங்க வெட்டினாங்க?" ராணுவ முகாம் வீட்டுப் பின்பக்கம் அப்பா தலை துவட்டிக்கொண்டிருந்தார். நீ அவருடைய முதுகை ஒரு பக்கமாகவும், வயிற்றை இன்னொரு பக்கமாகவும் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்டாய்.

குற்றம் உன்னுடையது அல்ல. அப்பா காட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா சொன்னது ஒரே வாக்கியம்: "அப்பா ஒப்பராசி போயிருக்காரு." அதே மாதம்தான் பக்கத்து வீட்டுச் சுமையாவின் அம்மாவுக்குக் குடல்வாலில் ஒப்பராசி நடந்தது. அவர் நம்மிடம் தையலைக்கூடக் காட்டினார். மலாயில் காட்டுக்குள் எதிரியைத் தேடிப் போவதும் ஒப்பராசி, ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறப்பதும் ஒப்பராசி. வகுப்பில் இப்படிச் சொல் வந்தால் நான் பலகையில் 'மாலை' என்று எழுதுவேன். கழுத்தில் விழுந்தாலும் மாலை, பொழுது விழுந்தாலும் மாலை. பெரியவர்களுக்கு வாக்கியத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தையல்தான் தெரியும்.

அந்தக் கேள்வியில் தொடங்கி ஒரு சிறுவர் நாவல் எழுதுகிறேன். எழுபதுகளில் வடக்கே ஒரு ராணுவ முகாமில் அக்காளும் தம்பியும் வளர்கிற கதை. அப்பா கோப்ரல் நாகையா, சிக்னல் படை. என்னிடம் படித்த பழனியப்பன் இப்போது இங்கேதான் பதிப்பகம் வைத்திருக்கிறான். தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கு அச்சிட்டுத் தருகிறேன் என்கிறான்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் கிள்ளான், அதற்குத் தபால்தலை ஒட்டுகிறாளே என்று சிரிக்காதே. உனக்கு நினைவிருப்பதையெல்லாம் எழுது.

புஷ்பாவின் கால் வீக்கம் குறைந்ததா?

அன்புடன்,
அக்கா மலர்விழி


கிள்ளான்
26 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கும்பிட்டு எழுதறது. இங்க எல்லாரும் சுகம். புஷ்பா கால் பரவால்ல. எனக்குத்தான் தொண்டை கட்டிக்கிட்டு விட மாட்டேங்குது. கசாயம் குடிக்கிறேன். அதான் போன் எடுக்கறதில்ல, கோவிச்சுக்காத. தாள்ல எழுதறதும் நல்லாத்தான் இருக்குலா.

நான் கேட்டத எழுதினியே, நீ சொன்ன பதில் ஞாபகம் இருக்கா? "கண்ணுக்குத் தெரியாத நூல்ல தச்சிட்டாங்க"ன்னே. ரொம்ப நாள் தேடினேன் அக்கா. அப்பா மத்தியானம் தூங்கறப்ப சட்டையத் தூக்கிப் பாத்திருக்கேன்.

புஸ்தகத்துல ஓவர் வெளையாட்டு வரணும். அப்பா ரேடியோக்காரரு. சோறு சாப்பிடறப்பவும் நாம அப்படித்தான் பேசணும். "சாம்பார் வேணும், ஓவர்." "சாம்பார் வருது, ஓவர்." ஓவர்னா நான் முடிச்சிட்டேன், நீ பேசுன்னு அர்த்தம். சொல்லிட்டுப் பொத்தான்லேர்ந்து வெரல எடுத்திடணும். அமுக்கிக்கிட்டே இருந்தா எதிராளி பேசறது கேக்காது. நீ கரண்டிய மைக் மாதிரி பிடிச்சிக்கிட்டு விடவே மாட்டே. "இவ பொத்தான விட மாட்டா, வாத்திச்சியாத்தான் போவா"ன்னு அப்பா சொல்வாரு. சொன்ன மாதிரியே ஆனேலா!

சுமையாவோட அப்பா, பக்கத்து வீட்டு யூசுப் மாமாவையும் மறந்திடாத. அவரு வந்தா அப்பா சிரிப்புச் சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்கும். நான் அவரு மாதிரியே பேசிக் காட்டினா அவரே விழுந்து விழுந்து சிரிப்பாரு.

ஒப்பராசிங்கற வார்த்த என்னை இன்னும் விடல. எங்க மீன்புடிக்கிற கூட்டம் இருக்கே, வருஷா வருஷம் பேராக் பக்கம் போறப்ப வீட்ல "ஒப்பராசி போறோம்"னு சொல்லிட்டுத்தான் கெளம்பறோம். போன வருஷம் உனக்கு லம்பாம் மீன் குடுத்தேனே, அது ஒப்பராசி மீன்.

ஓவர்.
தம்பி கார்த்தி


பிரிக்பீல்ட்ஸ்
23 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பழனியப்பனிடம் வாசித்துக் காட்டினேன். "டீச்சர், இவரையே எழுதச் சொல்லியிருக்கலாமே" என்றான். அப்பா வாத்திச்சி என்றதற்காக அவமானப்பட வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை. என் முழங்கால் வலி அப்படியேதான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

முதல் மூன்று அத்தியாயங்கள் இத்துடன். ஓவர் விளையாட்டு இரண்டாவதில் வருகிறது. மூன்றாவதில் யூசுப் மாமா குடும்பத்துக்கு மாற்றல் வருகிறது. லோரியில் சாமான்கள் ஏறுகின்றன. சுமையா சுருட்டிய பாயின்மேல் உட்கார்ந்து கையசைக்கிறாள். முகாம் பிள்ளைகளுக்குப் பிரிவு என்றால் அதுதானே? வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சிநேகிதியை லோரி தூக்கிப்போகும்.

உன் தொண்டை எப்படி இருக்கிறது? கசாயம் போதாது, டாக்டரைப் பார். அடுத்த ஞாயிறு வரலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பூச்சோங்
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. நாங்க பூச்சோங்ல மக நித்யா வீட்டுல இருக்கோம். இன்னும் கொஞ்ச நாள் இங்கதான். அதனால கிள்ளானுக்கு வந்து அலையாத. ஏன் இங்க இருக்கீங்கன்னு கேட்டா, நித்யா சமையல் புஷ்பா சமையல விட நல்லாருக்கு. இத புஷ்பா கிட்ட காட்டிடாத.

மூணையும் படிச்சேன். நித்யாவ ரெண்டாவத சத்தமா படிக்கச் சொன்னேன். "அப்பா, நீங்க இப்படியா சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா.

மூணாவதுதான் தொண்டையில நிக்குது. மாற்றல்னு போட்டிருக்கே. மாற்றலா அக்கா அது? அப்ப அம்மா நம்மகிட்ட "பிண்டா"ன்னு சொன்னாங்க, வேற ஊருக்குப் போறாங்கன்னு. நானும் அப்படியே நம்பினேன். யூசுப் மாமா முன்னாடியே புது ஊருக்குப் போய் வீடு பாத்துக்கிட்டிருக்காருன்னு நெனச்சேன். சுமையா ஏன் கையாட்டலன்னு மட்டும் புரியல. ஆமா, அவ கையாட்டல. நீதான் ஆட்ட வச்சிருக்கே.

உனக்கு அப்ப பதினோரு வயசு. நீயும் நம்பினியா, இல்ல பிள்ளைங்களுக்காக இப்படி எழுதினியா?

ஓவர்.
கார்த்தி


பிரிக்பீல்ட்ஸ்
20 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது. என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குத் தெரியும். யூசுப் மாமா காட்டில் கண்ணிவெடியில் போனார் என்று கிணற்றடியில் பெண்கள் பேசியதைக் கேட்டேன். படைவீரர் இல்லாத குடும்பம் படைவீட்டில் இருக்க முடியாது, அதனால்தான் லோரி வந்தது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

ஆனால் இது ஒன்பது வயதுப் பிள்ளைகள் வாசிக்கும் புத்தகம், கார்த்தி. ஓர் உதாரணம் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு வகுப்பில் நாங்கள் ஒரு முயல் வளர்த்தோம். விடுமுறையில் அது செத்துவிட்டது. பள்ளி திறந்ததும், "முயலைப் பெரிய தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம்" என்றேன். ஒரு பிள்ளைகூட அழவில்லை. பாடம் நடந்தது. பழனியப்பனும் அதைத்தான் சொல்கிறான்: "பிள்ளைங்க புஸ்தகம் டீச்சர், சாவு வேணாம்லா."

அது போகட்டும். பங்குனி உத்திரத்துக்குக் கிள்ளானுக்கு வந்தேன். இத்தனை வருஷமாகக் கோயில் ஒலிபெருக்கியில் உன் குரல்தானே கேட்கும்? "நீலச் சட்டை போட்ட பையன் அம்மாவத் தேடிக்கிட்டு இருக்கான், அம்மா எங்க இருந்தாலும் மேடைக்கு வாங்க." இந்த முறை வேறு யாரோ ஓர் இளைஞன் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். உன் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. திருவிழாவைவிட நித்யா சமையல் பெரிதாகிவிட்டதா?

கோபமில்லை. கவலை. எழுது.

அக்கா


கிள்ளான்
1 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மைக்க இளசுங்ககிட்ட குடுத்திட்டேன், எத்தன வருஷம் நானே கத்தறது.

முயல் கதை படிச்சேன். ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பிள்ளைங்க அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்க?

வர்ற பதினேழாம் தேதி நான் ஒப்பராசி போறேன். அம்மா சட்டம் உனக்குத் தெரியும். போற எடம் கேக்காதே, வர்ற நாள் கேக்காதே, வாசல்ல நின்னு அழாதே. புஷ்பாகிட்டயும் அதான் சொல்லி வச்சிருக்கேன். நான் வர்றதுக்குள்ள அந்த லோரி அத்தியாயத்த திருத்தி வை.

ஓவர்.
கார்த்தி


பிரிக்பீல்ட்ஸ்
9 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

அப்பாடா! உன் கடிதத்தைப் பார்த்ததும் பாரம் இறங்கியது. மீன்பிடிக்கப் போகிற தெம்பு இருக்கிறதென்றால் தொண்டைக் கட்டெல்லாம் ஓடிவிட்டது என்று அர்த்தம். நான்தான் வீணாக எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டைக்குப் புகையிலை எடுத்துக்கொள். ஈரச் சட்டையோடு தூங்காதே, உனக்கு இருபது வயது இல்லை. போன முறை லம்பாமில் முள்தான் அதிகம், இந்த முறை நல்லதாகப் பார்த்து, செதிலெல்லாம் எடுத்து, வெட்டிச் சுத்தம் செய்து கொண்டுவா. என் கைக்கு இப்போது கத்தி நிற்பதில்லை.

போய்வந்து கதை கதையாகச் சொல். இந்த முறை குறுக்கே பேசமாட்டேன், எத்தனை நேரம் வேண்டுமானாலும் கேட்கிறேன். லோரி அத்தியாயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அம்மா சட்டப்படி எங்கே, எப்போது என்று கேட்கவில்லை பார்த்தாயா!

அன்புடன்,
அக்கா


கிள்ளான்
6 ஜூலை 2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

புஷ்பவல்லி வணக்கத்துடன் எழுதுவது. உங்க முட்டி வலி எப்படி இருக்கு?

நான் கடுதாசி எழுதிப் பழக்கமில்லாதவ. போன்ல சொன்னா நீங்க கேப்பீங்க, நான் அழுவேன், சேதி வராது. அதனால எழுதறேன். ரெண்டு தடவ படிச்சிட்டு வாங்க.

அவர் மீன்பிடிக்கப் போகல அண்ணி. குரல்வளையில புத்துநோய். மார்ச்லயே தெரிஞ்சிடுச்சு. நித்யா வீட்டுல இருந்தது தெனம் ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வைக்கப் போறதுக்காக. நோய் அதுக்குக் கேக்கல. பதினேழாம் தேதி ஒப்பராசி பண்ணிக் குரல்வளையவே எடுத்திட்டாங்க. இப்ப கழுத்துல ஒரு ஓட்ட, அது வழியாத்தான் மூச்சு. இனிமே பேச்சு வராதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு.

உங்க கடுதாசி ஒப்பராசிக்கு மொத நாள் வந்துச்சு. கட்டில்ல உக்காந்து படிச்சாரு. மீன வெட்டிச் சுத்தம் பண்ணிக் கொண்டான்னு எழுதியிருந்தீங்களே, அங்க தோள் குலுங்கச் சிரிச்சாரு. சத்தம் வரல. அப்பவே காத்துதான் வரும். "அண்ணிக்கு இப்பவாவது சொல்லிடட்டுமா"ன்னு கேட்டேன். என் காதுகிட்ட வந்து, "அவ மீனுன்னு நெனக்கிறா, மீனாவே இருக்கட்டும்"னாரு. அவர் குரல்ல நான் கடைசியாக் கேட்டது அதுதான்.

கதை கதையாச் சொல்லுன்னு நீங்க எழுதின வரிய மட்டும் அவர் வெரல வச்சு மறைச்சிக்கிட்டாரு.

போறப்ப நான் அழல. அவங்க அம்மா சட்டமாமே.

வாங்க அண்ணி. ஆனா அவர் முன்னாடி ஏன் சொல்லலன்னு மட்டும் கேக்காதீங்க. பதில் எழுதறதுக்குள்ள களைச்சிடறாரு.

இப்படிக்கு,
புஷ்பவல்லி


கிள்ளான்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கொண்டாந்த சூப்பு குழாய் வழியா நல்லபடியா எறங்குச்சு. ருசி தெரியாது, ஆனா சூடு தெரிஞ்சுது.

நீ வர்றப்பல்லாம் நீயே பேசற. அழற, மருந்து பேரு கேக்கற, மறுபடி பேசற. நான் வெள்ளப் பலகையில ஒரு வார்த்த எழுதி நிமிந்தா நீ வேற கதையில இருக்கே. பொத்தான விடு அக்கா. அதனாலதான் ஒரே வீட்டுக்குள்ள உக்காந்து பேச வேண்டியதத் தபால்ல போடறேன்.

லோரி வந்தது உனக்குத் தெரியும். அதுக்கு முந்தி நடந்த ஒண்ணு உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

யூசுப் மாமா காட்டுக்குள்ள இருந்தப்ப, முகாம்ல ரேடியோ பக்கம் இருந்தது அப்பா. மாமா கடைசியாப் பேசினது அப்பாகிட்டதான். பாதியில சத்தம் நின்னுபோச்சு. அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாராம். இத நான் பெரியவனானப்புறம் அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் சொன்னாரு. அப்பா சொல்லல.

ஆனா நான் பாத்தது இது. ஒரு சாயங்காலம் அப்பா பின்பக்கக் கொழாயடியில பூட்ஸ் கழுவிக்கிட்டிருந்தாரு. நான் தண்ணி ட்ரம்முக்குப் பின்னால. அவரு கையில பிரஷ் அப்படியே நிக்குது. மெதுவா, மலாய்ல, "யூசுப், யூசுப், கேக்குதா, ஓவர்"ங்கறாரு. நிறுத்தறாரு. காது குடுக்கறாரு. மறுபடி, "யூசுப், கேக்குதா, ஓவர்."

எனக்கு ஏழு வயசு அக்கா. வெளையாட்டுன்னு நெனச்சேன். மாமா தூரத்துல எங்கியோ வீடு பாத்துக்கிட்டிருக்காரு, அப்பா அவரக் கூப்பிட்டு வெளையாடறாருன்னு நெனச்சேன். மாமா குரல்லயே சொன்னேன்: "கேக்குது நாகையா, ஓவர்."

அப்பா எழுந்திரிச்ச வேகத்துல பூட்ஸ் காவாயில விழுந்துச்சு. அந்த ஒரு நொடி அவரு மொகத்துல சந்தோஷம். நான் பாத்தேன். அந்த மாதிரி சந்தோஷத்த அதுக்கு முன்னாடியும் பாக்கல, பின்னாடியும் பாக்கல. அப்புறம்தான் ட்ரம்முக்குப் பின்னால நான் இருக்கறதப் பாத்தாரு.

அடிக்கல. வந்து குந்தி, ஈரக் கையால என் வாயப் பொத்தினாரு. சவுக்கார வாசம். ரொம்ப நேரம் கைய எடுக்கல.

அன்னிக்கோட வீட்ல ஓவர் நின்னுபோச்சு. நீ அம்மாவோட சண்டன்னு நெனச்சிருப்பே. சோறு வேணும்னா தட்டத் தள்ளுவாரு, தண்ணி வேணும்னா டம்ளரக் கவுப்பாரு. சாகற வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு. நான் வாய்க்காரனா, மைக்குக்காரனா ஆனதே அந்தக் கைய எடுக்கத்தானோ என்னமோ.

நேத்து கண்ணாடியில என் கழுத்தப் பாத்தேன். காதுலேர்ந்து காது வரைக்கும் தையல் தழும்பு. நான் தப்பா நெனக்கல அக்கா. ஒப்பராசின்னா வெட்டறதுதான். அப்பாவ வெட்டின எடம் இங்கதான். நான் முதுகுல தேடிட்டேன்.

பழனியப்பன் சாவு வேணாம்னா வேணாம், உங்க இஷ்டம். ஆனா பிள்ளைங்க கேட்டா பதில் குடுங்க. குடுக்காட்டி அவங்களே தேடுவாங்க, தப்பான எடத்துல.

நுரையீரலுக்குப் போயிடுச்சு. இன்னொரு ஒப்பராசி கெடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால சீக்கிரம் எழுது. நீ எழுதினதப் பாக்கணும். எனக்கு வேற ஆசை இல்ல.

ஓவர்.
கார்த்தி


பிரிக்பீல்ட்ஸ்
14 செப்டம்பர் 2025

என் தம்பிக்கு,

லோரி அத்தியாயம் இத்துடன். புதிதாக எழுதினேன். சுமையா கையசைக்கவில்லை. கொழாயடியும் பூட்ஸும் ட்ரம்மும் நீ சொன்னபடியே இருக்கின்றன.

முயல் செத்த பிறகு பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்டாய். நான் பதில் சொல்லவே இல்லை. கங்கோங் கீரை கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்கு அனுப்பிவையுங்கள் டீச்சர் என்று கட்டுக்கட்டாக என் மேசைமேல் வைத்தார்கள். நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரட்டிச் சாப்பிட்டேன்.

கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுப் பழனியப்பன் தலையைச் சொறிந்தான். "ஒன்பது வயசுப் பிள்ளைங்க டீச்சர்." "நீயும் ஒன்பது வயதில் அந்த வகுப்பில்தானே இருந்தாய், எவ்வளவு நாள் கங்கோங் கொண்டுவந்தாய்?" என்று அவனைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "லீவுலகூட கொண்டாந்தேன் டீச்சர். ஸ்கூல் கேட்டு பூட்டியிருந்துச்சு. கம்பியில செருகிட்டு வந்தேன்." பிறகு, "அது செத்துதானே போச்சு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நாற்பது வயது தாண்டியவன், தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி உறையில் போட்டான். அப்புறம், "அச்சுக்கு அனுப்பறேன்" என்றான்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். வெள்ளிக்கிழமை வந்து பக்கத்தில் உட்காருவேன். நீ எழுதி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன்.

ஓவர்.
அக்கா


கிள்ளான்
26 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

புஷ்பவல்லி எழுதுவது. கருமாதிக்கு அப்புறம் உங்களுக்கு உடம்பு முடியலன்னு நித்யா சொன்னா. இப்ப சாப்பிடறீங்களா?

கூட்டத்துல சொல்ல முடியாத ஒண்ணு இருக்கு. அந்த வியாழக்கிழமை உங்க அத்தியாயம் தபால்ல வந்துச்சு. கண்ணத் தொறந்துதான் படுத்திருந்தாரு. படிக்கட்டுமான்னேன், தலைய ஆட்டினாரு.

நான் நல்லாப் படிக்க மாட்டேன் அண்ணி, எழுத்துக் கூட்டித்தான். கொழாயடி வந்துச்சு. "யூசுப், கேக்குதா, ஓவர்"னு படிச்சேன். அவர் கையத் தூக்கினாரு. நிறுத்தச் சொல்றாருன்னு நிறுத்தினேன். பேனா காட்டினாரு. பிடிக்க முடியல, நான்தான் அவர் கையோட சேத்துப் பிடிச்சேன். அந்த வரிக்குப் பக்கத்துலயே ஒரு வார்த்த எழுதினாரு. ரொம்ப நேரமாச்சு. நான் மீதியப் படிக்கிறேன்னேன், வேணாம்னு கண்ண மூடிக்கிட்டாரு.

மறுநாள் நீங்க வந்தப்ப நெனவு இல்ல. நீங்க சொன்னபடி வாயத் தொறக்காம உக்காந்திருந்தீங்க. அதப் பாத்து எனக்குத்தான் தாங்கல.

அந்தத் தாள இதோட வச்சிருக்கேன். எழுத்து கோணலா இருக்கும், ஆனா படிக்கலாம். "கேக்குது"ன்னு எழுதியிருக்காரு. அதுக்கப்புறம் ஓவர்னு போடல. போடுவாருன்னு நான் கையப் பிடிச்சிக்கிட்டே இருந்தேன்.

இப்படிக்கு,
புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
30 நவம்பர் 2025

இந்தப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகளுக்கு,

எல்லோரும் நலமா? பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தானே வாசிக்கிறீர்கள்?

இது ராணுவ முகாமில் வளர்ந்த ஓர் அக்காள் தம்பியின் கதை. இதில் ஒருவர் இறந்துபோகிறார். அதை முன்பே சொல்லிவிடுகிறேன், நீங்கள் வேறு எங்கும் தேட வேண்டாம். ஒரு சிறுவன் தன் அப்பாவின் உடம்பில் தையலைத் தேடுகிறான். அவன் என் தம்பி. அவன் கேட்ட கேள்விக்கு நான் ஒரு பதில் சொன்னேன், அழகான பதில், ஆனால் சரியான பதில் அல்ல. சரியான பதிலை அவனே கண்டுபிடித்து எனக்கு எழுதி அனுப்பினான். அது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

அப்பாவின் ரேடியோவில் ஒரு பொத்தான் உண்டு. ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்களும் உங்கள் சிநேகிதனும் ஒரே குழாயின் இரு முனைகளில் வாய் வைத்து ஒரே நேரத்தில் ஊதினால் என்ன ஆகும்? இருவருக்கும் ஒன்றும் வராது. ஒருவர் ஊத, ஒருவர் வாயை எடுக்க வேண்டும். ரேடியோவும் அப்படித்தான். பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும், பேசி முடித்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். பல ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு அந்த விரலை எடுக்கத் தெரிய நெடுங்காலம் ஆயிற்று.

புத்தகத்தை மூடிய பிறகு இதைச் செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் மிகக் குறைவாகப் பேசுகிறவர் அருகில் போய் உட்கார்ந்து, "எங்கே வலிக்கிறது?" என்று ஒரே ஒருமுறை கேளுங்கள், பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.